சோகை நோயும் இரத்தச் சோதனையும்
(கழக வெள்ளிவிழாவில் ஆற்றிய உரை)



கல்விக் கழகத்தின் வெள்ளிவிழா மேடையில் ஒரு தலைமை ஆசிரியர் ஏறினால் தேர்ச்சி விழுக்காட்டைப் பற்றியோ, உதவித்தொகையைப் பற்றியோ, போட்டித் தேர்வுகளைப் பற்றியோ பேசுவார் என்றே யாவரும் எதிர்பார்ப்பர். அவற்றைப் பேச நம்மினும் தக்கோர் இம்மேடையில் அமர்ந்திருக்கின்றனர். ஆகவே நாம் வேறொரு பொருளை எடுத்துக்கொண்டோம். அது இரத்தம்.

நாம் மருத்துவம் பயின்றவர் அல்லோம். வரலாறு படித்து, ஆசிரியப் பயிற்சி பெற்று, சுண்ணக்கட்டியோடு வாழ்நாளைக் கழித்தவர். எனினும் வகுப்பறையில் கடைசி இரண்டு பாடவேளைகளில் கண் செருகித் தலை கவிழும் பிள்ளைகளைப் பல்லாண்டுகளாகக் கண்டு வருகிறோம். "சோம்பேறி" என்று ஆசிரியர் சொல்வார். "மந்தம்" என்று மதிப்பெண் சொல்லும். உண்மையில் அப்பிள்ளையின் உடலில் ஓடும் இரத்தம் மூளைக்குப் போதிய உயிர்வளியைச் சுமந்து செல்லவில்லை. சோகை கண்ட பிள்ளைக்குக் கவனம் நிற்பதில்லை, நினைவு நிற்பதில்லை, ஏணிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. கல்விக் கழகம் பேச வேண்டிய பொருளே இது என்று நாம் துணிந்தது இதனால்தான்.

நம் நாட்டில் 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுடைய பெண்களில் 57 விழுக்காட்டினர் சோகை உடையவர்கள். தமிழ்நாட்டில் அது 53 விழுக்காட்டுக்குச் சற்று மேல். இந்த மண்டபத்தில் அமர்ந்திருக்கும் தாய்மார்கள் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம். இருவரில் ஒருவர் என்று பொருள்.

இதற்கு அரசு என்ன செய்யவில்லை? 1970ஆம் ஆண்டிலேயே இரும்புச்சத்து மாத்திரைத் திட்டம் தேசிய அளவில் தொடங்கிவிட்டது. பள்ளிகளில் சிறுவர்க்கு இளஞ்சிவப்பு மாத்திரை, வளரிளம் பருவத்தினர்க்கு நீல மாத்திரை, கருவுற்ற தாய்மார்க்குச் சிவப்பு மாத்திரை என்று வண்ணம் பிரித்து வழங்கியிருக்கிறார்கள். குடற்புழு நீக்கத்துக்கு ஆண்டுக்கு இருமுறை அல்பெண்டசோல். 1982ஆம் ஆண்டு சூலை முதல் நாள், எம்.ஜி.ஆர். அவர்கள் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தது நமக்கு அருகிலுள்ள பாப்பாக்குறிச்சியில்தான் என்பதை இங்குள்ள மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். இவ்வளவும் நடந்த பின்னும் சோகை குன்றவில்லை என்றால், எங்கோ ஒரு கேள்வியை நாம் கேட்காமல் விட்டிருக்கிறோம்.

அக்கேள்வியை நம் ஊர் மொழியிலேயே கேட்கலாம். பொன்மலைப் பட்டறை 1928இல் நாகப்பட்டினத்திலிருந்து இங்கு வந்தது. நம் பாட்டன்மாரிலும் தந்தையரிலும் பலர் அங்கே கொதிகலனோடு மல்லுக்கட்டி வாழ்ந்தவர்கள். அவர்களைக் கேட்டுப் பாருங்கள். எந்திரத்தில் அழுத்தமானியின் முள் கீழே இறங்கிவிட்டது, என்ன செய்வீர்கள்? "இன்னும் நாலு வாரி கரி போடு" என்று உடனே சொல்பவன் கற்றுக்குட்டி. கரி குறைந்ததா, குழாயில் கசிவா, தண்ணீரா, அல்லது அந்தக் கொதிகலனின் வார்ப்பே அவ்வளவுதானா என்று பார்ப்பவனே மேஸ்திரி. ஹீமோகுளோபின் என்பது அந்த முள். அது இறங்கியிருக்கிறது என்று மட்டும் சொல்லும். ஏன் இறங்கியது என்று சொல்லாது. இரும்புச்சத்து என்பது கரி. நாமோ முள்ளைப் பார்த்தவுடன் கரியை அள்ளிக் கொட்டிக்கொண்டே இருக்கிறோம்.

பெரும்பாலும் கரிதான் குறை என்பது மெய்யே. மாதவிடாயில் அளவுக்கு மீறிப் போகும் இரத்தத்தைப் பற்றி நம் பெண்கள் தாயிடம்கூடச் சொல்வதில்லை. வெறுங்காலோடு ஈரமண்ணில் வேலை செய்பவரின் காலைத் துளைத்து நுழையும் கொக்கிப்புழு குடலில் தங்கி இரத்தத்தைக் குடிக்கிறது. சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேநீர், உணவிலுள்ள இரும்பை உடல் ஏற்கவிடாமல் தடுக்கிறது. எலுமிச்சையும் நெல்லிக்கனியும் அதற்கு மாறாக உதவுகின்றன.

உணவு என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். ஈரல், சுவரொட்டி, இரத்தப் பொரியல், மாட்டிறைச்சி ஆகியவற்றில் உள்ள இரும்பு, கீரையில் உள்ள இரும்பைவிட மிக எளிதாக உடலில் சேரும் என்று ஊட்டச்சத்து நூலார் கூறுகின்றனர். நம் பாட்டிமார் பிள்ளை பெற்றவளுக்குச் சுவரொட்டியைச் சுட்டுக் கொடுத்தது அறியாமையால் அன்று. அந்த உணவுக்காக நம்மை ஏளனம் செய்தார்கள். ஏளனத்துக்கு அஞ்சி, படித்த நம் பிள்ளைகள் வீட்டில் அதைச் சமைக்கவும் கூசுகிறார்கள். கூசத் தேவையில்லை.

ஆனால் எல்லாச் சோகையும் இரும்புக் குறைவால் வருவதன்று. 2016 முதல் 2018 வரை நடுவண் அரசு நடத்திய குழந்தைகள் ஊட்டச்சத்து ஆய்வில் விரல் நுனியைக் குத்தி எடுக்காமல், நரம்பிலிருந்து இரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். 10 முதல் 19 வயதுடையோரில் 28 விழுக்காட்டினர்க்குச் சோகை இருந்தது. பெண் பிள்ளைகளில் 40, ஆண் பிள்ளைகளில் 18. அதே ஆய்வில் அந்த வயதினரில் இரும்புக் கையிருப்புக் குறைந்தவர் 22 விழுக்காட்டினர். இவ்விரு கூட்டமும் ஒன்றன்று என்பதைக் கவனியுங்கள். இரும்பு குறைந்தும் இன்னும் சோகை வராதவர் உண்டு. சோகை இருந்தும் இரும்பு குறையாதவர் உண்டு. இரண்டாவது வகையினர்க்கு வேறு காரணங்கள் இருக்கின்றன. ஃபோலிக் அமிலமும் பி12 என்னும் உயிர்ச்சத்தும் குறையலாம். நாட்பட்ட தொற்று இருக்கலாம். சிறுநீரகக் கோளாறு இருக்கலாம். பிறவியிலேயே வரும் தலசீமியாவும் இருக்கலாம். இன்று நாம் விரித்துரைக்க விரும்புவது இந்தக் கடைசிக் காரணத்தை.

இப்பெயரைக் கேட்டு மிரள வேண்டா. கடல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. 1925ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் கூலி என்னும் குழந்தை மருத்துவர் இதனை முதலில் விளக்கினார். அங்கே வந்த நோயாளிக் குழந்தைகள் மத்தியதரைக் கடல் நாட்டினரின் மரபில் வந்தவர்கள். அதனால் கடல் நோய் என்றே பெயராயிற்று. ஆனால் நோய்க்கு அந்தக் கடல் மட்டும் சொந்தமில்லை. 1938இல் கல்கத்தாவில் ஓர் இந்தியக் குழந்தையிடம் இது கண்டறியப்பட்டது. இன்று நம் நாட்டில் 100 பேரில் 3 அல்லது 4 பேர் பீட்டா தலசீமியாவைச் சுமப்போர் என்று கணக்கிடுகின்றனர். சிந்தி, பஞ்சாபி, குசராத்தி, வங்காளி மக்களில் சில பிரிவினரிடம் இது மிகுதி. நம் தமிழ்நாட்டில் எங்கும் ஒரே அளவாக இல்லை. ஆயிரம் பிள்ளைகள் பயிலும் பள்ளியில், நாட்டுச் சராசரிப்படி 30 அல்லது 40 பேர். மாலத்தீவிலோ 100க்கு ஏறத்தாழ 18 பேர்.

இதன் உடன்பிறப்பாகிய அரிவாள் உயிரணுச் சோகையும் நமக்கு அயல் அன்று. 1952ஆம் ஆண்டில் லேமன், கட்புஷ் என்னும் இருவர் நீலகிரிப் பழங்குடி மக்களின் இரத்தத்தைச் சோதித்து, இந்தியாவில் அந்நோயின் கூறு உண்டென்று உலகிற்குத் தெரிவித்தனர். நம் பட்டறையில் செய்த நீராவி எந்திரங்கள் ஏறிச் செல்லும் அதே நீலகிரிதான். விதர்ப்பப் பகுதியில் பழங்குடியினரிடமும் பட்டியல் சாதியினர் சிலரிடமும் இது பரவலாக உள்ளது. 2023 சூலை முதல் நாள் அரிவாள் உயிரணுச் சோகை ஒழிப்பு இயக்கத்தை நடுவண் அரசு தொடங்கியது.

சுமப்போர் என்றோமே, அதன் பொருள் யாது? ஹீமோகுளோபினைச் செய்யும் கூற்றைத் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக நாம் பெறுகிறோம். அவ்விரண்டில் ஒன்று மட்டும் குறைபட்டிருந்தால் அவர் சுமப்பவர். நோயாளி அல்லர். ஓடலாம், உழைக்கலாம், படிக்கலாம், பிள்ளை பெறலாம். அவரது சிவப்பணுக்கள் சற்றுச் சிறியனவாக இருக்கும். ஹீமோகுளோபின் ஒன்றிரண்டு கிராம் குறைந்தே நிற்கும். அவ்வளவே. இரண்டும் குறைபட்டிருந்தால்தான் பெருநோய். அக்குழந்தைக்கு மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை வாழ்நாள் முழுதும் இரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றும் ஒவ்வொரு பையிலும் 200 மில்லிகிராமுக்குக் குறையாத இரும்பு உண்டு. உடல் நாளொன்றுக்கு வெளியேற்றுவது ஒரு மில்லிகிராம் அளவே. எஞ்சிய இரும்பு இதயத்திலும் கல்லீரலிலும் தங்கிக் கெடுக்கும். அதனை வெளியேற்றத் தனி மருந்து வேண்டும். அத்தகைய குழந்தைக்கு இரும்பு மாத்திரை கொடுப்பது நிரம்பிய குளத்துக்கு மடை திறப்பது போலாகும்.

சில ஆண்டுகளுக்கு முன், நாம் பணியாற்றிய பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி இருந்தாள். ஹீமோகுளோபின் 10.6 என்று சீட்டு வந்தது. மாத்திரை கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்து 10.5. மீண்டும் மாத்திரை. மீண்டும் அதே எண். அவளை அழைத்துச் சென்ற இடத்தில் ஒருவர், "மாத்திரையைச் சாக்கடையில் எறிந்துவிட்டு இங்கே வந்து நிற்கிறாயா? உங்கள் ஆட்களுக்கு எவ்வளவு சொன்னாலும் ஏறாது" என்றார். உடன் சென்ற பாட்டி, மாத்திரை அட்டைகளை முடிச்சில் கட்டி வைத்திருந்தவர், ஒவ்வோர் அட்டையையும் எடுத்து மேசைமேல் வைத்து, "எண்ணிப் பாரு சாமி, ஒன்னுகூடக் கொறையல. எங் கண்ணு முன்னாடிதான் முழுங்குது" என்றார். எண்ணிப் பார்க்க அங்கே யாரும் முன்வரவில்லை.

பிறிதோர் இடத்தில், வயதில் மிக இளைய மருத்துவர் ஒருவர் புதிதாக இரத்தம் எடுக்கவில்லை. அதே பழைய சீட்டைக் கையில் வாங்கி, ஹீமோகுளோபினுக்குக் கீழே இருந்த இரண்டு வரிகளைப் படித்தார். படித்துவிட்டு வேறொரு சோதனைக்கு எழுதினார். அவள் பீட்டா தலசீமியாவைச் சுமப்பவள் என்று தெரிந்தது. தாயின் மீது பழி விழுந்தது. "உன் வழியில் வந்ததுதான்" என்றார்கள். தாயைச் சோதித்தார்கள், குறை ஒன்றுமில்லை. தந்தையைச் சோதித்தார்கள். வாழ்நாளெல்லாம் மூட்டை தூக்கி உழைத்த திடமான மனிதர்; அவரிடமிருந்துதான் வந்திருந்தது.

அந்த இரண்டு வரிகளை நீங்களும் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இவ்வளவும் சொன்னோம். முழு இரத்த எண்ணிக்கை என்னும் சோதனையைக் கருவியில் செய்து சீட்டுத் தருகிறார்கள் அல்லவா? நம் மக்கள் முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிடுகிறார்கள். கீழே ஆர்.பி.சி. என்று ஒரு வரி இருக்கும். அது சிவப்பணுக்களின் எண்ணிக்கை. எம்.சி.வி. என்று மற்றொரு வரி இருக்கும். அது ஒரு சிவப்பணுவின் சராசரிப் பருமன். பெரியவர்க்கு 80க்கும் 100க்கும் இடையில் இருப்பது இயல்பு.

இரும்பு குறைந்தாலும் சிவப்பணு சிறுக்கும், தலசீமியாவிலும் சிறுக்கும். அங்கேதான் மயக்கம் ஏற்படுகிறது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. மாவு குறைந்த வீட்டில் இட்டிலி சிறுத்துப்போவதோடு எண்ணிக்கையும் குறையும். மாவு இருந்தும் அச்சின் குழியே சிறியதாக அமைந்த வீட்டில், இட்டிலி சிறிதாக இருந்தாலும் எண்ணிக்கை மிகும். இரும்புக் குறைவு முதல் வகை; தலசீமியாச் சுமப்பு இரண்டாம் வகை. 1973ஆம் ஆண்டில் மென்ட்சர் என்பவர் இதை ஓர் எளிய வகுத்தல் கணக்காகச் செய்து காட்டினார். பருமனை எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். ஈவு 13க்கு மேல் வந்தால் இரும்புக் குறைவின் பக்கம் சாய்கிறது. 13க்குக் கீழ் வந்தால் தலசீமியாவின் பக்கம் சாய்கிறது.

கணக்குக்காக இரண்டு சீட்டுகளைப் புனைந்து கொள்வோம். முதற் சீட்டில் ஹீமோகுளோபின் 8.9, பருமன் 70, எண்ணிக்கை 4.1. எழுபதை 4.1ஆல் வகுத்தால் ஏறத்தாழ 17. இரண்டாம் சீட்டில் ஹீமோகுளோபின் 11, பருமன் 62, எண்ணிக்கை 5.7. வகுத்தால் ஏறத்தாழ 10.9. இரண்டாம் சீட்டை உற்றுப் பாருங்கள். ஹீமோகுளோபின் சற்றே குறைவு, பருமனோ முதற் சீட்டைவிடவும் சிறிது, எண்ணிக்கையோ மிகுதி. சோகையின் அளவுக்குப் பொருந்தாத சிறுமை அது. இந்தக் கணக்கைச் செய்ய ஏழாம் வகுப்புப் படிப்புப் போதும்.

ஆயினும் வகுத்தல் கணக்கு தீர்ப்பாகாது. சுமப்பவர்க்கே இரும்பும் குறைந்திருந்தால் ஈவு ஏமாற்றும். இது ஒரு ஐயக் குறிப்பு மட்டுமே. தீர்ப்புக்கு வேறு சோதனைகள் உள்ளன.

இரும்பின் கையிருப்பை அறிய ஃபெரிட்டின் என்னும் சோதனை. உலக நலவாழ்வு நிறுவனம் 2020இல் வகுத்தபடி, உடல் நலமுடைய பெரியவர்க்கு அது லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழ் இருந்தால் இரும்பு குறைந்தது எனலாம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு எல்லை 12. இதிலும் ஒரு சிக்கல் உண்டு. காய்ச்சலோ தொற்றோ உள்ள போது ஃபெரிட்டின் தானே உயர்ந்துவிடும். கடன்காரன் வரும் நாளில் மட்டும் பெட்டியில் பணம் இருப்பதுபோல் காட்டும் வீட்டைப் போன்றது அது. அதனால் தொற்று உள்ளவர்க்கு எல்லையைப் பெரியவர்க்கு 70 என்றும் சிறு குழந்தைக்கு 30 என்றும் உயர்த்தி வைத்திருக்கிறார்கள். தொற்று உண்டா என்று காட்டும் சி.ஆர்.பி. சோதனையையும் கூடவே செய்வது நல்லது.

தலசீமியாவுக்கு, ஹீமோகுளோபினின் வகைகளைப் பிரித்தளக்கும் எச்.பி.எல்.சி. என்னும் கருவிச் சோதனை. அதில் ஏ2 என்னும் வகை 3.5 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் பீட்டா தலசீமியாச் சுமப்பு என்று கொள்வர். இங்கே மருத்துவரே சறுக்கும் இடம் ஒன்றுண்டு. இரும்பு மிகக் குறைந்திருந்தால் ஏ2வின் அளவும் இறங்கிவிடலாம்; சுமப்பவரையே இயல்பானவர் என்று சீட்டு சொல்லிவிடும். ஆகவே எல்லையை ஒட்டிய எண் வந்தால், முதலில் இரும்புக் குறையைத் தீர்த்து, பின்னர் மறுமுறை அளக்க வேண்டும். ஆல்பா என்னும் மற்றொரு வகைத் தலசீமியாவில் ஏ2 உயர்வதே இல்லை. அதற்கு மரபணுச் சோதனை தேவை.

பெருங்கருவி இல்லாத ஊருக்கும் ஒரு வழி உண்டு. நெஸ்ட்ராஃப்ட் என்பார்கள். 0.36 விழுக்காட்டு உப்புக் கரைசல் கொண்ட ஒரு கண்ணாடிக் குழாயில் ஒரு துளி இரத்தத்தை விட்டு, குழாய்க்குப் பின்னே கோடு வரைந்த வெள்ளைத் தாளைப் பிடிக்கிறார்கள். இயல்பான சிவப்பணுக்கள் உடைந்து கரைசல் தெளியும், கோடு தெரியும். தலசீமியாச் சுமப்பவரின் அணுக்கள் எளிதில் உடையா, கரைசல் கலங்கியே நிற்கும், கோடு தெரியாது. வெறுங்கண்ணே கருவி. இரும்பு குறைந்தவரிலும் சிலர்க்குக் கலங்கல் தோன்றுமாதலால், கலங்கியவரை மட்டும் எச்.பி.எல்.சி.க்கு அனுப்பினால் செலவு பெரிதும் குறையும். பெருங்கூட்டத்தைச் சலித்தெடுக்க இதைவிடச் சிக்கனமான சல்லடை நாம் அறிந்த வரையில் இல்லை.

சோதனை எதற்கும் வழியில்லாத குடும்பம் என்ன செய்வது? மருத்துவர் சொன்னபடி ஒரு மாதம் இரும்பு மாத்திரையை ஒழுங்காக உண்ட பின் மீண்டும் ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். இரும்புக் குறைவே காரணமாயின் ஒரு கிராம் அளவேனும் ஏறியிருக்கும். ஏறவில்லை எனில், பிள்ளையைத் திட்டுவதற்கு முன் சீட்டின் கீழ் வரிகளைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். நம் மாவட்டத்தில் புத்தூர் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை இருக்கிறது. "தலசீமியா உண்டா என்று பார்க்க வேண்டுமா ஐயா?" என்று ஒரு கேள்வி கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு. ஏழையின் கேள்விக்கு எரிச்சல் விடையாக வந்தால், மறுமுறையும் கேளுங்கள்.

இவ்வுரையைக் கேட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிட வேண்டா. இதை இருமுறை சொல்லுவோம், நிறுத்திவிட வேண்டா. தலசீமியாவைச் சுமப்பவர்க்கும் இரும்பு குறையும். குறைந்தால் அவருக்கும் இரும்பு வேண்டும். குறையாதிருக்க, பயனில்லாமல் ஆண்டுக்கணக்கில் விழுங்குவதைத்தான் தவிர்க்க வேண்டும். வாரம் ஒன்று பள்ளியில் கொடுக்கும் மாத்திரையால் சுமப்பவர்க்குத் தீங்கில்லை. இரத்தம் ஏற்றும் பெருநோய்க் குழந்தைக்கு மட்டும் மருத்துவர் சொல்லின்றி இரும்பு கூடாது.

இதே குழப்பம் நம் நியாயவிலைக் கடை வரை வந்தது. இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி12உம் சேர்த்துச் செறிவூட்டிய அரிசியை வழங்கும் முன்னோடித் திட்டத்துக்குத் தமிழ்நாட்டில் தேர்ந்தெடுத்த மாவட்டம் நம் திருச்சிராப்பள்ளியே. 2020இல் வழங்கல் தொடங்கியது. நூறு கிலோ அரிசிக்கு ஒரு கிலோ செறிவூட்டிய மணி. அரிசியைக் கழுவும்போது சில மணிகள் மிதப்பதைக் கண்டு "பிளாஸ்டிக் அரிசி" என்று நம் தெருக்களிலும் புரளி கிளம்பியது நினைவிருக்கும். அது பிளாஸ்டிக் அன்று. அரிசி மாவில் சத்துகளைச் சேர்த்துப் பிழிந்த மணி.

பொருளற்ற அந்தப் புரளியை அத்தனை பேர் பேசினோம். ஆனால் மூட்டையின் மேல் இருந்த எச்சரிக்கையை எத்தனை பேர் படித்தோம்? தலசீமியா உடையோர் மருத்துவர் கண்காணிப்பில் உண்ண வேண்டும் என்றும், அரிவாள் உயிரணுச் சோகை உடையோர் உண்ண வேண்டா என்றும் அன்றைய விதிப்படி அச்சிட வேண்டியிருந்தது. கடையில் அரிசியை அளந்து பையில் கொட்டுகிறார்கள்; மூட்டையின் எழுத்து யார் கண்ணில் படும்? தனக்குத் தலசீமியா உண்டா என்று சோதித்தே அறியாத மக்களுக்கு அந்த எழுத்தால் என்ன பயன்? இது வழக்காக உச்ச நீதிமன்றம் வரை சென்றது. கிலோ அரிசியில் சேர்வது 28 முதல் 42.5 மில்லிகிராம் வரையிலான இரும்பே. நாளொன்றுக்கு 300 கிராம் அரிசி உண்பவர்க்கு 8 முதல் 13 மில்லிகிராம் வரை. பெருநோய்க் குழந்தைக்கு இரத்தப் பையில் ஏறுவதோடு ஒப்பிட இது சிறிது என்று வல்லுநர் குழு கருதியது. 2024இல் அந்த எச்சரிக்கை விதி நீக்கப்பட்டது. நீக்கியது சரியா தவறா என்று வல்லுநர்களே இருவகையாகப் பேசுகின்றனர். எச்சரிக்கை அச்சிடுவதும் நீக்குவதும் இரண்டாம் வேலை. யாருக்கு என்ன சோகை என்று சோதித்தறிவதே முதல் வேலை என்பது நம் கருத்து.

இனி இளைஞர்களுக்குச் சிறப்பாக ஒரு சொல். அந்த மாணவியின் செய்தி தெரிந்தவுடன் தெருவில் என்ன பேசினார்கள் தெரியுமா? "கெட்ட இரத்தம்" என்றார்கள். இரத்தத்தில் நல்லது கெட்டது என்று பிரித்துப் பேசும் பேச்சால் நூற்றாண்டுகளாக அடிபட்டவர்கள் நாம். அப்பேச்சு நம் வாயிலேயே நம் பெண்ணின் மீது வரலாமா? சாதி என்பது இனப் பிரிவு அன்று, இரத்தத்தின் பிரிவும் அன்று என்று அண்ணல் அம்பேத்கர் 1936ஆம் ஆண்டிலேயே எழுதி நிலைநாட்டினார். தலசீமியாவும் அதையே சொல்கிறது. ஏழைக்கும் உண்டு, செல்வர்க்கும் உண்டு. எந்தச் சாதிக்கும் விலக்கில்லை. ஆல்டேன் என்னும் அறிஞர், இக்கூற்றைச் சுமப்போர் மலேரியாக் காய்ச்சலைத் தாங்கி நிற்கிறார்கள் என்று 1940களின் இறுதியில் கருதினார்; பிற்கால ஆய்வுகள் பலவும் அவர் பக்கமே நின்றன. கொசு மிகுந்த நிலங்களில் நம் முன்னோர் சிலரைப் பிழைக்க வைத்த கூறு அது. அவ்வறிஞர் பின்னாளில் இந்தியாவுக்கே குடிவந்து, 1964இல் புவனேசுவரத்தில் மறைந்தார்.

ஆயினும் திருமணத்தில் இதைக் கருதியே தீர வேண்டும். சுமப்பவர் சுமக்காதவரை மணந்தால் பெருநோய்க் குழந்தை பிறவாது. சுமப்பவர் இருவர் மணந்தால், ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. "முதற் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்றுக்கு வராது" என்று எண்ணுவது பிழை. ஒவ்வொரு முறையும் சீட்டு புதிதாகக் குலுக்கப்படுகிறது.

நம் வழக்கமோ உறவுக்குள் கொடுப்பது. அந்த மாணவியின் தந்தை சுமப்பவர் அல்லவா? அவருடைய உடன்பிறந்த அத்தையும் சுமப்பவராக இருக்க இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு. அத்தை மகன் சுமப்பவனாக இருக்க நான்கில் ஒரு பங்கு. வெளியில் நூற்றுக்கு மூன்று நான்கு. அத்தை வீட்டில் நூற்றுக்கு இருபத்தைந்து. அத்தை மகனை மணக்கவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. மணத்துக்கு முன் அவனும் ஒருமுறை இரத்தம் கொடுக்கட்டும் என்கிறோம். சோதனை என்றாலே பெண்ணை மட்டும் இழுத்துச் செல்லும் வழக்கத்தை நம் இளைஞர்கள் முறிக்க வேண்டும். ஆண்பிள்ளை முதலில் கையை நீட்டினால், பெண்ணின் மீது பழி விழாது.

சைப்ரசு என்னும் சிறிய தீவில் ஏழில் ஒருவர் அளவுக்குச் சுமப்போர் உண்டு. 1970களில் அவர்கள் திருமணத்துக்கு முன் சோதிக்கத் தொடங்கினர். சோதனையில் இருவரும் சுமப்போர் என்று தெரிந்தவர்களிலும் பெரும்பாலோர் திருமணத்தை நிறுத்தவில்லை. மணந்துகொண்டு, கருவுற்ற தொடக்கத்திலேயே கருவைச் சோதித்து முடிவு செய்தனர். அத்தீவில் பெருநோயோடு பிறக்கும் குழந்தை இன்று மிக அரிது. கருச் சோதனையும் எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சையும் நம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் நடைபெறுகின்றன. கருவுற்ற பெண்ணிடம் ஐயம் தோன்றினால் இரும்பு ஏறட்டும் என்று மாதக்கணக்கில் காத்திராமல், கணவரையும் அந்த வாரமே சோதித்துவிட வேண்டும்; நாள் தவறினால் வழியும் தவறிவிடும்.

பெருநோய்க் குழந்தை உள்ள குடும்பம் நம்மிடையே இருந்தால் அவர்களுக்கு ஒரு செய்தி. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தலசீமியாவையும் அரிவாள் உயிரணு நோயையும் 21 வகைக் குறைபாடுகளுள் சேர்த்திருக்கிறது. சான்றிதழ் பெறக் கழகத்தார் துணை நிற்பார்கள் என்று தலைவர் அவர்கள் இசைந்திருக்கிறார். சுமப்பவர்க்கு இச்சான்று கிடையாது. அவர் குறைபாடுடையவர் அல்லரே.

கழகத்தின் இளைஞர்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறோம். நம் பிள்ளைகளில் அறிவியல் பட்டம் படிப்போர் பலர் இருக்கின்றனர். ஞாயிறுதோறும் காலையில் படிப்பகத்தில் இருவர் அமருங்கள். வீடுகளில் கிடக்கும் பழைய இரத்தச் சீட்டுகளை மக்கள் கொண்டு வரட்டும். பருமனை எண்ணிக்கையால் வகுத்து, ஈவைச் சீட்டின் பின்புறம் பென்சிலால் குறித்து, 13க்குக் கீழானவர்களை "இதை மருத்துவரிடம் காட்டுங்கள்" என்று சொல்லி அனுப்புங்கள். நோய் இன்னதென்று நீங்கள் சொல்ல வேண்டா. அது உங்கள் வேலையன்று. பெயர்களைப் பொதுப் பதிவேட்டில் எழுத வேண்டா. ஒரு பெண்ணின் இரத்தக் கணக்கு அவள் வீட்டைத் தாண்டிப் போகலாகாது. சீட்டை அவர்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தாய்மார்களே, சீட்டுகளை அடுப்புப் பற்றவைக்கக் கிழிக்காமல் ஒரு பையில் போட்டு வையுங்கள். ஞாயிறன்று பொன்மலைச் சந்தைக்கு எப்படியும் வருவீர்கள். முருங்கைக்கீரையும் ஈரலும் வாங்கப் போகும் வழியில் படிப்பகத்துப் படியேறி, அந்தப் பையையும் கொண்டு வந்து கொடுங்கள். பிள்ளைகள் பென்சிலோடு காத்திருப்பார்கள்.